மனச்சான்றின் காவலர் ரோஜர் வில்லியம்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றைக் கற்கப் புகும்போது, 1620-ஆம் ஆண்டு மேபிளவர் என்னும் கப்பலில் சென்று இறங்கிய ஆங்கிலேயரையே நாம் முதலில் நினைவுகூர்கிறோம். பத்தாண்டுகள் கழித்து, பியூரிட்டன்கள் எனப்பட்ட கிறித்துவப் பிரிவினர் பெருந்திரளாகச் சென்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை வளர்த்தனர். தம் நெறிப்படி இறைவனை வழிபட வேண்டித் தாய்நாட்டைத் துறந்தவர்கள் அவர்கள். ஆயினும், தாம் நாடிய உரிமையைப் பிறருக்கு அளிக்க அவர்கள் உடன்படவில்லை. அக்குறையைத் துணிந்து எடுத்துரைத்தவர் ரோஜர் வில்லியம்ஸ். அவர்தம் வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்வது நன்று.

வில்லியம்ஸ் ஏறத்தாழ 1603-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே சுருக்கெழுத்தில் தேர்ச்சி பெற்று, எட்வர்டு கோக் என்னும் சட்ட அறிஞரின் ஆதரவுக்கு உரியவரானார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று 1627-இல் பட்டம் பெற்றார். 1631-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், மனைவி மேரியுடன் பாஸ்டன் நகரை அடைந்தார்.

கற்றறிந்த சமயப் போதகராகிய அவருக்கு அங்கு உயர்ந்த பதவி காத்திருந்தது. அவரோ அதனை ஏற்கவில்லை. இரு கருத்துகளை அவர் அஞ்சாது எடுத்துரைத்தார். ஒருவர் கொண்டுள்ள சமய நம்பிக்கைக்காக அவரைத் தண்டிக்க அரசுக்கு உரிமை இல்லை என்பது ஒன்று. அம்மண் அங்கு வாழும் பழங்குடி மக்களுக்கே உரியது. கடலுக்கு அப்பாலுள்ள மன்னரின் பட்டயத்தைக் காட்டி அதனைக் கைப்பற்றுவது முறையன்று என்பது மற்றொன்று. ஆட்சியாளர் சினந்தனர். 1635-ஆம் ஆண்டு அக்டோபரில் அவரை நாடு கடத்துமாறு தீர்ப்பளித்தனர்.

அவரைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்ற ஏற்பாடு நடந்தது. அதனை முன்னரே அறிந்த வில்லியம்ஸ், 1636-ஆம் ஆண்டு சனவரியில், கடும் பனிக்காலத்தில், உடல்நலம் குன்றிய நிலையில் காட்டுவழியே தப்பிச் சென்றார். சொந்த இனத்தார் துரத்திய அவருக்கு உணவும் உறைவிடமும் தந்து காத்தவர்கள் வாம்பனோக் பழங்குடியினரே. பின்னர், நாரகான்செட் இனத் தலைவர்களாகிய கனோனிகஸ், மியான்டனோமி ஆகியோரிடம் நிலம் பெற்று ஓர் ஊரை அமைத்தார். இறைவனின் அருட்காப்பு எனப் பொருள்படும் பிராவிடென்ஸ் என்னும் பெயரை அதற்கு இட்டார். சமயத்தின் பெயரால் துன்புற்றோர்க்கு அவ்வூர் புகலிடமாயிற்று.

அப்பழங்குடியினரின் மொழியை வில்லியம்ஸ் முயன்று கற்றார். அம்மொழியையும் அம்மக்களின் வாழ்க்கை முறையையும் விளக்கி அவர் எழுதிய நூல் 1643-இல் இலண்டனில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, தம் குடியேற்றத்திற்கு இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் பட்டயத்தையும் பெற்றார். அதே ஆண்டில் சமய உரிமையை வலியுறுத்தி அவர் வெளியிட்ட நூலையோ, தீயிலிட்டுக் கொளுத்துமாறு நாடாளுமன்றம் ஆணையிட்டது.

ஒருவரின் கொள்கை உரம், தமக்கு உடன்படாதவரிடத்தில் அவர் நடந்துகொள்ளும் முறையாலன்றோ விளங்கும்? குவேக்கர் என்னும் பிரிவினரின் சமயக் கருத்துகள் வில்லியம்சுக்கு அறவே பிடிக்கவில்லை. 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் அப்பிரிவினர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். வில்லியம்ஸ் நிறுவிய குடியேற்றமோ அவர்களை வெளியேற்ற மறுத்தது. 1672-இல், எழுபது வயதை நெருங்கிய நிலையில், வில்லியம்ஸ் தாமே படகு வலித்துச் சென்று அவர்களோடு சொற்போர் புரிந்தார். சொல்லை எதிர்க்கச் சொல்லையே கருவியாகக் கொண்டார்.

அவர்தம் முதுமை துயரம் நிறைந்தது. 1675-இல் குடியேறியோருக்கும் பழங்குடியினருக்கும் பெரும்போர் மூண்டது. மறு ஆண்டு மார்ச்சில் பிராவிடென்ஸ் தீக்கு இரையாயிற்று. போரின் முடிவில், சிறைப்பட்ட பழங்குடியினரைப் பணியடிமைகளாக விற்ற ஏற்பாட்டில் வில்லியம்சும் பங்குகொண்டார். பசித்த வேளையில் சோறிட்ட இனத்தார்க்கு நேர்ந்த இக்கொடுமையை நாம் மறைத்தல் தகாது. பெரியோரின் நிறைகளைப் போற்றும் நாம், அவர்தம் குறைகளையும் அறிந்து கற்பதே மெய்யான வரலாற்றுக் கல்வி.

1683-இல் அவர் மறைந்தார். 1791-ஆம் ஆண்டு அமெரிக்க அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், சமய உரிமையில் நடுவணரசு தலையிடுவதைத் தடுத்தது. அவரை வெளியேற்றிய தீர்ப்பை மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1936-இல் விலக்கிக்கொண்டது.

மாணவர்களே, உலகப்படத்தில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையை உற்று நோக்குங்கள். ஐம்பது மாநிலங்களுள் பரப்பளவில் மிகச் சிறியதாகிய ரோட் ஐலண்ட் அங்குத் தென்படும். வில்லியம்ஸ் வித்திட்ட நிலம் அதுவே. நமக்கு வேண்டும் உரிமையைப் பிறர்க்கும் வழங்கக் கற்றால், நம் வகுப்பறையும் அத்தகையதொரு புகலிடமாகும்.