டாக்டர் நோயல் ஷவாஸ்

வீரர் என்னும் சொல்லைக் கேட்டவுடன், படைக்கலம் ஏந்திப் பகைவரைக் கொன்று குவித்தவரே நம் மனக்கண்முன் தோன்றுவர். வீழ்ந்த பகைவரின் தொகையைக் கொண்டே வீரத்தை அளப்பது உலக வழக்கமாயிற்று. இவ்வழக்கத்துக்கு மாறாக, வீழ்ந்தோரைத் தூக்கியெடுத்து உயிர் காத்தமைக்காகவே பிரிட்டிஷ் சேனையின் தலையாய விருதாகிய விக்டோரியா கிராஸை இருமுறை பெற்றவர் டாக்டர் நோயல் காட்ஃபிரி ஷவாஸ். முப்பத்திரண்டு வயதிலேயே மாண்ட அன்னாரது சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்தவர் கிறிஸ்டபர். தந்தையார் பிரான்சிஸ் ஷவாஸ் 1900-ல் லிவர்பூல் நகரத்து அத்தியட்சராகவே, குடும்பம் அத்துறைமுகப் பட்டினத்திற் குடியேறிற்று. அங்குள்ள தொழிற்பள்ளியொன்றின் ஏழைச் சிறுவர்க்குக் கற்பித்தும், அவரோடு விளையாடியும் நோயல் மகிழ்ந்தார். பின்னர் ஆக்ஸ்போர்டு டிரினிடி கல்லூரியிற் பயின்று, 1907-ல் உடலியல் நூலில் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டு இலண்டனில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில் சகோதரர் இருவரும் 400 மீட்டர் ஓட்டத்தில் ஓடினர். பரிசு கிட்டவில்லை. அதனால் நோயல் மனந்தளர்ந்தாரில்லை. மருத்துவக் கல்வியை முற்றுவித்து, எலும்பு மருத்துவத்திற் பெயர்பெற்ற இராபர்ட் ஜோன்ஸ் என்பாரிடம் லிவர்பூலிற் பணியாற்றினார்.

1913-ல் இராணுவ மருத்துவப் பிரிவிற் சேர்ந்து, லிவர்பூல் ஸ்காட்டிஷ் என்னும் படைக்கு மருத்துவரானார். மறு ஆண்டு பெரும்போர் மூண்டது; நவம்பரில் அப்படை பிரான்சு சென்றது. அகழிகளிற் சேறும் நீரும் நிறைந்து, வீரர்தம் கால்கள் குளிரால் அழுகலாயின. குண்டுக்குத் தப்பியவர் நோய்க்குத் தப்புவது அரிதாயிற்று. ஆதலின் அவர்தம் பாதங்களைச் சோதிப்பதும், உலர்ந்த காலுறை கிடைக்கச் செய்வதும், குடிநீர் தூய்மையாயிருக்கப் பார்ப்பதும் தம் கடமையெனக் கொண்டார். இவை பதக்கம் தாராத பணிகள். ஆயினும் இவற்றையும் குறைவின்றிச் செய்தார். 1915 ஜூனில் பெல்ஜியத்தின் ஹூகே என்னுமிடத்தில் அப்படை பெருஞ் சேதமடைந்த போது காயம்பட்டோரைக் காத்தமைக்காக மிலிட்டரி கிராஸ் என்னும் விருது பெற்றார்.

1916 ஆகஸ்டில் பிரான்சிலுள்ள கில்மோன் என்னும் ஊரருகே அப்படை தாக்குதல் நிகழ்த்தியது. 9-ஆம் நாள் முழுதும் குண்டு மாரியிடையே திறந்தவெளியில் காயங்கட்டிய நோயல், இரவில் நான்கு மணி நேரம் பகைவர் அணிக்கு எதிரே உயிரோடிருப்போரைத் தேடினார். மறுநாள் துணையாள் ஒருவரோடு முன்னணி அகழிக்குச் சென்று, நிலைமை மோசமாயிருந்த ஒருவரை 500 கஜ தூரம் சுமந்து வந்தார். அவ்வழியில் குண்டுச் சிதறொன்று அவரது விலாவிற் பாய்ந்தது. ஆயினும் அன்றிரவே தாமாக முன்வந்த இருபது பேரை அழைத்துக்கொண்டு, பகைவர் அகழிக்கு 25 கஜத்தில் குழியொன்றிற் கிடந்த மூவரை மீட்டார். இறந்த அதிகாரிகள் இருவரைப் புதைத்தார். மாண்டோர் கழுத்திலிருந்த அடையாள வில்லைகள் பலவற்றையும் சேகரித்தார். படுகாயமுற்ற சுமார் இருபது பேர் அவரால் பிழைத்தனர். இதற்கே முதல் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

உயிருள்ளோரைக் காக்க ஒருவர் தம் உயிரைப் பணயம் வைப்பது விளங்குகின்றது. இறந்தோரின் வில்லைகளுக்காக அவ்வாறு செய்வானேன் என்று நாம் வினவலாம். அவ்வில்லையிலேயே வீரனின் பெயர் உள்ளது. அஃதின்றேல், மகன் மாண்டான் என்றோ, உளன் என்றோ அறியாது பெற்றோர் ஆயுள் முழுதும் ஏங்குவர். இத்துயரம் விரைவில் அவரது இல்லத்தையே அடைந்தது. 1917 ஜூலையில் இளைய சகோதரர் எய்டன் போர்முனையிற் காணாமற்போனார். அவருடல் கண்டெடுக்கப்படவேயில்லை, ஈப்பர் நகரத்து மெனின் வாயிலில் அவரது பெயர் மட்டுமே உளது.

அம்மாதம் 31-ஆம் நாள் ஈப்பரின் மூன்றாம் பெரும்போர் தொடங்கிற்று. காயமுற்ற வீரனொருவனைச் சிகிச்சை நிலையத்துக்குச் சுமந்து செல்லுகையில் நோயல் தாமே படுகாயமுற்றார். பின்வாங்கிச் செல்ல அவருக்கு முழு நியாயமும் இருந்தது. கிளாடிஸ் என்னும் உறவுப்பெண்ணை மணக்க நிச்சயமுமாயிருந்தது. எனினும் இடம்விட்டுப் பெயர மறுத்தார். உணவின்றி, காயத்தால் மயங்கி, இரு நாட்கள் நோயாளரைப் பேணினார். அடைமழையிலும் சேற்றிலும் பன்முறை வெளியே சென்று காயமுற்றோரைத் தேடினார். இறுதியில் அவரிருந்த நிலையத்தின் மீதே குண்டு வீழ்ந்து அவர் வயிற்றைக் கிழித்தது. பிராண்ட்ஹூக்கிலிருந்த மருத்துவ நிலையத்திற் சிகிச்சை செய்தும் பயனின்றி, 1917 ஆகஸ்டு 4-ஆம் நாள் உயிர் நீத்தார்.

இரண்டாம் முறை விக்டோரியா கிராஸ் பெறுவோர்க்கு, முதற்பதக்கத்தின் நாடாவில் ‘பார்’ எனும் பட்டையொன்று சேர்க்கப்படும். அச்சிறப்பை இன்றளவும் பெற்றவர் மூவரே. அவருள் முதல்வரான ஆர்தர் மார்ட்டின்-லீக், இந்தியாவில் வங்காள-நாகபுரி இரயில்வேயில் மருத்துவராயிருந்தவர். மூன்றாமவர் நியூசிலாந்தின் சார்லஸ் அப்ஹாம். முதல் உலகப்போரிலேயே இரண்டையும் ஈட்டியவர் நோயல் ஒருவரே; அவரது பட்டையோ இறந்தபின் வந்தது. பிராண்ட்ஹூக் கல்லறையில் அவரது நடுகல்லில் இரு விக்டோரியா கிராஸ் சின்னங்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அக்கல்லின் முன் நிற்போர் மனத்தில் ஒரு வினா எழாமற் போகாது. முதற்காயம் பட்டதும் அவர் விலகியிருப்பின், பின்னும் பல்லாண்டு வாழ்ந்து ஆயிரக்கணக்கான நோயாளரைக் குணப்படுத்தியிருக்கலாமன்றோ? கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு இவ்வாதம் சரியெனவே படும். ஆனால் அவர் முன்னே கிடந்தவை எண்கள் அல்ல. சேற்றில் உதவி வேண்டிக் கூவிய மனிதக் குரல்கள். வருங்காலத்தின் ஆயிரம் பேரை எண்ணி, கையெட்டும் தூரத்திற் கிடந்த ஒருவனைக் கைவிட அவரால் இயலவில்லை. மாணவ நண்பர்களே, கல்வியிலும் விளையாட்டிலும் நாம் பெறும் பரிசுகள் நமக்கே உரியவை. நோயல் ஷவாஸின் பதக்கங்களோ, அவரால் பிழைத்து வீடு திரும்பிய மாந்தரின் உயிருக்குச் சாட்சி. நாம் கற்கும் வித்தை யாருக்காக என்பதை அவர் சரிதை நம்மைக் கேட்கின்றது.