கோவை தந்த விஞ்ஞானி ஜி. டி. நாயுடு

சாகுபுரத்து ஆலைச் சங்கொலி கேட்டே வளரும் நம் இளைஞர் எந்திரங்களுக்கு அஞ்சலாகாது என்றே இவ்வரலாற்றைத் தருகிறோம்.

கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் உழவர் குடியில் பிறந்த நாயுடு, பள்ளியில் நிலைத்தாரில்லை. மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பணியாளாய் நின்று பொருள் சேர்த்து அதனை வாங்கினார். உறுப்பு உறுப்பாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். அதுவே அவர் பெற்ற கல்வி. அவர் வீட்டில் நிலமிருந்தது, நம் வீடுகளில் இல்லை என்பதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் விடுதியில் இலையெடுக்க அவர் நாணவில்லை.

1920-இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சி-பழனிப் பாதையில் தொழில் தொடங்கினார். பின்னர் மின்மோட்டாரும் மின்சவரக் கருவியும் படைத்தார். ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என 1941-இல் அறிவித்தார். ஊராட்சி வானொலியின் முன் தரையிலமர்ந்து செய்தி கேட்டு வளர்ந்த நமக்கு அவ்விலையின் அருமை விளங்கும்.

கோவையில் தாம் முன்னின்று தோற்றுவித்த தொழில்நுட்பக் கல்லூரியில், பயிற்சிக் காலத்தைக் குறைக்க வேண்டுமென்ற தம் கருத்து ஏற்கப்படாமையால் முதல்வர் பதவியைத் துறந்தார். 1974 ஜனவரி 4-இல் மறைந்தார்.