ஆற்காடு இராமசாமி முதலியார்

சர் ஆற்காடு இராமசாமி முதலியார் (அக்டோபர் 14, 1887 - சூலை 17, 1976) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவர், மைசூர் அரசின் கடைசித் திவான். ஐக்கிய நாடுகள் பொருளாதார, சமூக மன்றத்தின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் இவரே. நாடு கடந்த நிறுவனங்கள் எந்தச் சட்ட எல்லைக்குள் இயங்க வேண்டும் என்பது முடிவாகிக்கொண்டிருந்த 1945, 1946 ஆகிய இரு ஆண்டுகளில் அப்பணியின் நடுவே இருந்த தமிழர் என்ற வகையில் இவர் வாழ்க்கை குறிப்பிடத்தக்கது.

இளமையும் அரசியலும்

கர்நூலில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். மருத்துவரும் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான ஆ. இலட்சுமணசாமி முதலியார் இவருடைய இரட்டைச் சகோதரர். ஆற்காடு என்ற முன்னொட்டு ஊர்ப்பெயராகும். இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை ஆகியவை முன்பு வட ஆற்காடு மாவட்டம் என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வழக்கறிஞரானார்.

நீதிக்கட்சியில் சேர்ந்த இவர், டி. எம். நாயர் முதலானோருடன் இங்கிலாந்து சென்று, 1919இல் பிராமணரல்லாதாருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் வேண்டும் என வாதிட்ட குழுவில் இருந்தார். கட்சியின் ஜஸ்டிஸ் ஆங்கில நாளிதழுக்கு ஆசிரியராகவும் சென்னை மாநகராட்சியின் மேயராகவும் இருந்தார். 1934ஆம் ஆண்டு நடுவண் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசின் எசு. சத்தியமூர்த்தியிடம் தோற்றார். அதன் பின் இவர் வகித்த உயர்பதவிகளில் பெரும்பாலானவை நியமனத்தால் வந்தவை. 1939 முதல் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். போர்க்காலத்தில் இலண்டனில் போர் அமைச்சரவையிலும் இந்தியாவின் சார்பில் பங்கேற்றார்.

சான் பிரான்சிசுக்கோ, 1945

ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கும் மாநாடு 1945 ஏப்ரல் 25 அன்று சான் பிரான்சிசுக்கோவில் தொடங்கியது. இந்தியக் குழுவுக்கு முதலியார் தலைமை தாங்கினார். பிரித்தானிய அரசு அனுப்பிய இக்குழு இந்திய மக்களின் குரலாகாது என்று விசயலட்சுமி பண்டிட் அதே நகரில் பரப்புரை செய்தார். அக்குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் சட்டப்படி இந்தியாவின் இடம் செல்லுபடியாயிற்று. மாநாட்டில் கலந்துகொண்டு கையெழுத்திட்டு ஏற்பிசைவு அளிக்கும் நாடுகள் நிறுவன உறுப்பினர்கள் என்று பட்டயத்தின் 3ஆம் பிரிவு கூறுகிறது. 1945 சூன் 26 அன்று முதலியாரும் வி. தி. கிருஷ்ணமாச்சாரியும் இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டனர். 1947இல் நாடு பிரிக்கப்பட்டபோது இந்தியா புதிதாக விண்ணப்பிக்க நேரவில்லை. பாகிசுத்தானே 1947 செப்டம்பர் 30 அன்று புதிய உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. அடிமை நாட்டின் பெயரில் இடப்பட்ட ஒப்பம் விடுதலை பெற்ற நாட்டுக்கும் நிலைத்தது.

பொருளாதார, சமூக ஒத்துழைப்பு பற்றிய குழுவுக்கு இம்மாநாட்டில் முதலியார் தலைவராக இருந்தார். வேலைவாய்ப்பு, வாழ்க்கைத்தரம், மனித உரிமை ஆகியவற்றை உலக அமைப்பின் நோக்கங்களாக எழுதலாம். ஆனால் அவற்றைக் காட்டி அந்த அமைப்பு ஒரு நாட்டின் உள்நாட்டு விவகாரத்தில் புகுந்துவிட்டால் என்ன செய்வது? இதுவே அக்குழுவின் முன் இருந்த சிக்கல். நோக்கங்கள் 55ஆம் பிரிவில் விரிவாகவே இடம்பெற்றன. அதே வேளையில், அவ்வத்தியாயம் உள்நாட்டு விவகாரங்களில் தலையிட அதிகாரம் தருவதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்ற விளக்கமும் குழுவின் பதிவில் சேர்க்கப்பட்டது.

மன்றத்தின் முதல் தலைவர்

1946 சனவரி 23 அன்று இலண்டனில் பொருளாதார, சமூக மன்றம் முதன்முறையாகக் கூடி முதலியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது அதில் 18 உறுப்பு நாடுகள் இருந்தன (பின்னர் 27, 54 என உயர்ந்தது). பாதுகாப்புச் சபையில் உள்ள வீட்டோ அதிகாரம் இங்கு எந்த நாட்டுக்கும் இல்லை. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு, பெரும்பான்மையே முடிவு. ஆனால் அந்த முடிவு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் கட்டளையாகாது. மன்றம் ஆய்வு செய்யலாம், பரிந்துரைக்கலாம், உடன்படிக்கை வரைவுகளை ஆயத்தம் செய்யலாம், மாநாடு கூட்டலாம். அதற்கு மேல் அதனிடம் அதிகாரமில்லை.

இந்தக் குறைந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு, ஏற்கனவே தனித்தனி உடன்படிக்கைகளால் பிறந்த அமைப்புகளை ஒருங்கிணைக்க வேண்டியிருந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1919 முதலே இயங்கி வந்தது. அதற்கெனத் தனி அரசியலமைப்பும் வரவுசெலவும் இருந்தன. அதற்கு ஆணையிட மன்றத்தால் இயலாது. எனவே 63ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அமைப்புடனும் பேச்சு நடத்தி உடன்பாடு காணும் வழி பின்பற்றப்பட்டது. ஒருவர் கூட்டத்தில் மற்றவர் வாக்கில்லாமல் பங்கேற்பது, அறிக்கைகளைப் பரிமாறிக்கொள்வது போன்றவை அவற்றில் அடங்கும். தனித்தனியே எழுதப்பட்ட இரு மென்பொருள்கள் ஒரு பொது நெறிமுறையால் பேசிக்கொள்வதைப் போன்றது இது எனலாம். தொழிலாளர் அமைப்பு, உணவு வேளாண்மை அமைப்பு, யுனெசுக்கோ ஆகியவற்றுடனான உடன்பாடுகளைப் பொதுச்சபை 1946 திசம்பர் 14 அன்று ஏற்றது. இன்றும் சிறப்பு முகமைகள் இந்த ஏற்பாட்டின்படியே இயங்குகின்றன.

முதலியார் தலைமைக் காலத்திலேயே மனித உரிமை ஆணையமும் மகளிர் நிலை ஆணையமும் அமைக்கப்பட்டன. மன்றம் கூட்டிய பன்னாட்டு நலவாழ்வு மாநாடு 1946 சூலை 22 அன்று உலக நலவாழ்வு அமைப்பின் அரசியலமைப்பை நிறைவேற்றியது.

திவான் பதவியும் ஐதராபாத் வழக்கும்

1946இல் மைசூர் திவானானார். அங்கே பொறுப்பாட்சி கோரி 1947இல் எழுந்த 'மைசூர் சலோ' கிளர்ச்சி இவருடைய நிருவாகத்திற்கு எதிராகவே நடந்தது. உலக அரங்கில் மனித உரிமை ஆணையத்திற்கு வழிவகுத்தவர், மைசூரில் மக்களாட்சியைத் தாமதப்படுத்தியவராகவே கிளர்ச்சிக்காரர்களுக்குத் தோன்றினார். அக்டோபரில் அரசு இறங்கி வந்து கே. சி. ரெட்டி தலைமையில் மக்கள் அமைச்சரவை அமைந்தது.

1948 ஆகத்தில் ஐதராபாத் நிசாம் இந்தியாவுக்கு எதிராகப் பாதுகாப்புச் சபையில் முறையிட்டார். செப்டம்பர் 13இல் இந்தியப் படை உள்ளே நுழைந்தது. 16ஆம் நாள் பாரிசில் சபை கூடியபோது இந்தியாவுக்காக வாதிட்டவர் முதலியார். உறுப்பினரல்லாத ஒருவர் 35ஆம் பிரிவின்கீழ் முறையிட வேண்டுமானால், அது ஒரு நாடாக இருக்க வேண்டும். ஐதராபாத்து பன்னாட்டுச் சட்டத்தின் பொருளில் ஒருபோதும் நாடாக இருந்ததில்லை என்பது வாதத்தின் மையம். எனினும் சபை 8 வாக்குகளால் முறையீட்டை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தது. 3 நாடுகள் வாக்களிக்கவில்லை. மறுநாள் ஐதராபாத்துப் படைகள் போரை நிறுத்தின. சில நாட்களில் நிசாம் முறையீட்டைத் திரும்பப் பெற்றார். வாதம் ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா என்று சபை முடிவு கூறவேயில்லை.

தன்னாட்சி பெறாத நாட்டின் சார்பில் மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டயத்தில் ஒப்பமிட்டவர், நாடாக இல்லாத ஒன்றுக்கு அவையில் இடமில்லை என்று வாதிட நேர்ந்தது வியப்புக்குரியது. இவ்விரண்டும் முரணாகத் தோன்றினாலும், பட்டயத்தின் சொற்களை மட்டும் கொண்டு பார்த்தால் இரண்டுக்கும் இடமுண்டு.

பிற்காலம்

1952 முதல் 1956 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். 1955இல் தொடங்கப்பட்ட ஐசிஐசிஐ நிறுவனத்தின் முதல் தலைவரும் இவரே. 1954இல் பத்ம பூசணும் 1970இல் பத்ம விபூசணும் பெற்றார். இவர் தலைமைக் காலத்தில் கூட்டப்பட்ட மாநாட்டால் உருவான உலக நலவாழ்வு அமைப்பின் பேரவை 1961இல் புது தில்லியில் கூடியபோது அதற்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இலட்சுமணசாமி முதலியார். இலட்சுமணசாமி 1974இல் மறைந்தார். இராமசாமி அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, தம் 88ஆம் வயதில் காலமானார்.