மாலையும் வாக்கும்

எங்கள் ஊர் வடமாலபேட்டை. 1911-க்கு முன் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே தெலுங்கு, மணப்பந்தலிலே வடமொழி! என் தமக்கையின் திருமணத்தில் ஒரு மணி நேரம் மந்திரம் ஒலித்தது. அதன் பொருள் என்னவென்று பிறகு கேட்டேன். புகை கண்ணைக் கரித்ததுதான் நினைவிருக்கிறது என்றாள். அன்று பெரியாரின் வாழ்க்கை வரலாற்றைக் கையில் எடுத்தேன்.

1879 செப்டம்பர் 17-இல் ஈரோட்டு வணிகர் வீட்டில் பிறந்தவர் ஈ.வெ. இராமசாமி. இளமையில் காசிக்குப் போனார். சத்திரத்தில் சாதியின் பெயரால் சோறு மறுக்கப்பட்டது. 1924-இல் வைக்கத்தில் சிறைப்பட்டார். 1925-இல் ‘குடி அரசு’ இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே காங்கிரசை விட்டு வெளியேறினார். 1928-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதரின்றி ஒரு திருமணத்தை நடத்தி வைத்தார். சுயமரியாதைத் திருமணங்களில் அதுவே முதலாவது என்பர்.

தோழர்களே, அவர் சடங்குகளைச் சாடியவர். ஆயினும் மணப்பந்தலைக் கலைத்துவிடவில்லை. உற்றார் கூடினர், மாலை மாற்றினர், இருவரும் தமக்குப் புரிந்த மொழியில் உறுதி கூறினர். அதன் பின் பெரியாரின் நீண்ட பேச்சு! நெருப்புக்குப் பதில் நண்பர்களே சாட்சி.

1933 மே 11-இல் துணைவியார் நாகம்மையார் மறைந்தார். மறுநாள் பெரியார் திருச்சிக்குச் சென்று, தடையுத்தரவை மீறி, ஒரு கிறித்தவத் திருமணத்தை நடத்திக் கைதானார். துயரைச் சுமந்தபடி பிறர் இல்வாழ்வைத் தொடங்கி வைத்த அந்த நெஞ்சை எண்ணி வியக்கிறேன்.

1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் செல்லாதென 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு மணந்தோரின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை என்னாவது? முதலமைச்சர் அண்ணா 1967-இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தார். 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்னர் நடந்த மணங்களும் செல்லுபடியாயின. அதைக் கண்டபின், 1973 டிசம்பர் 24-இல் வேலூரில் பெரியார் மறைந்தார்.

அந்த 7ஏ பிரிவு தமிழ்நாட்டில் செல்லும்; ஆந்திரத்துக்குப் பொருந்தாது. எல்லைக்கு இப்பால் திருத்தணியில் மாலை மாற்றினால் சட்டம் ஏற்கும்; எங்கள் ஊரில் மாற்றினால் 7ஏ துணைக்கு வராது. 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்து, பதிவாளர் முன் நிற்க வேண்டும்.

நான் அப்படியே நிற்பேன். பிறகு வடமாலபேட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மாலை மாற்றுவோம். அம்மா முகம் சுளிக்கலாம். ஆனால் நாங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரியும்.