காற்றின் ஈரத்தை அளந்த அம்மையார்
(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மார்கழி விடியலில் பெரம்பலூர்ப் பருத்திக் காடுகளில் இலைதோறும் பனி சொட்டும். அரியலூர்ச் சாலையின் சுண்ணாம்புப் புழுதிகூட அடங்கிக் கிடக்கும். நண்பகலிலோ ஈரத்துணி விரைவில் உலர்ந்துவிடுகிறது. காலையில் காற்றிலிருந்த நீர் எங்கே போயிற்று? பெரும்பாலும் எங்கும் போகவில்லை! ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவியின் எடை தனி ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய முழு அளவில் அது எத்தனை விழுக்காடு என்பது ஒப்பு ஈரப்பதம். 20 பாகையில் 17 கிராம் இருந்தாலே காற்று நிறைந்துவிடும். 30 பாகையில் 30 கிராம் வேண்டும். ஆகவே அதே 17 கிராம், காலையில் நூறு விழுக்காடு. நண்பகலில் ஐம்பத்தேழுக்கும் குறைவு.

இத்தகைய அளவுகளைப் பிழையின்றி எடுக்கும் கருவிகளுக்காக வாழ்ந்தவர் அன்னா மணி. 1918 ஆகஸ்டு 23இல் திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்தநாளில் தந்த வைரத்தோட்டை மறுத்துக் கலைக்களஞ்சியம் கேட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் முடித்து, 1940இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே ஆராய்ந்தது வைரங்களை என்பது வேடிக்கைதான்.

ஐந்து ஆய்வுரைகள் எழுதினார். ஆயினும் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லையென்று சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் மறுத்துவிட்டது. எங்கள் வீட்டில் பட்டம் பெறப்போகும் முதல் ஆள் நான். ஒரு தாளின் மதிப்பு எனக்குத் தெரியும். அதனால் இவ்விடத்தை எளிதில் கடக்க முடியவில்லை. அவரோ கடந்தார். 1945இல் இலண்டன் சென்றார். இயற்பியல் படிக்க விரும்பியவருக்கு வானிலைக் கருவிகளுக்கான உதவித்தொகையே கிடைத்தது.

1948இல் திரும்பிப் புனே வானிலைத் துறையில் சேர்ந்தபோது, எளிய கருவிகளும் வெளிநாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைச் செம்மைப்படுத்தி இங்கேயே செய்வித்தார். பிழையான அளவைவிட அளவே இல்லாமை மேல் என்பது அவர் கொள்கை. அது வெறும் பிடிவாதமன்று. மயிரிழை ஈரமானியையே பாருங்கள்: ஒப்பு ஈரப்பதம் கூடினால் மயிரிழை நீளும். அது காட்டும் விழுக்காடு சரியாக இருந்தாலும், உடன் எடுத்த வெப்பநிலை பிழையானால் தனி ஈரப்பதக் கணக்கும் பிழைதானே?

கதிரவன் ஆற்றல், ஓசோன், காற்றாலைக்கு உகந்த இடங்கள் என அவர் அளவைகள் விரிந்தன. 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வுபெற்றார். 2001 ஆகஸ்டு 16இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். முனைவர் பட்டம் கடைசிவரை வரவில்லை.