குமிழிச் சிறுவன் டேவிட் வெட்டர் (1971 – 1984)

டேவிட் வெட்டர் 1971 செப்டெம்பர் 21 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் பிறந்தான். பிறந்து ஒரு நிமிடம் கழியுமுன்னரே கிருமியழிக்கப்பட்ட பிளாத்திக்குக் கூடமொன்றினுள் வைக்கப்பட்டான். அவனுக்கு முன் பிறந்த அண்ணன் ஏழாம் மாதத்தில் இறந்திருந்தமையே இதற்குக் காரணம்.

டேவிட்டுக்கு இருந்தது கடும் நிர்ப்பீடனக் குறைபாட்டு நோய். எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள பரம்பரையலகு ஒன்று பழுதடைவதால் நிணநீர்க்குழியங்கள் சரிவர உருவாவதில்லை. தாய் காவியாயின், பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் இந்நோய் ஏற்படும் நிகழ்தகவு 1/2 ஆகும். (மாணவர் சிலர் இதனை எயிட்ஸ் நோயுடன் குழப்பிக்கொள்வர். எயிட்ஸ் வைரசுத் தொற்றினால் ஏற்படுவது. இது பரம்பரைக் குறைபாடு.)

ஆரோக்கியமானவரின் என்பு மச்சையில் குருதிக்குழியங்களை ஆக்கும் மூலக்கலங்கள் உள்ளன. அவற்றை நோயாளிக்குச் செலுத்தினால் புதிய நிர்ப்பீடனத் தொகுதி உருவாகலாம். 1968 இல் மினசோட்டாவில் குழந்தையொன்றுக்கு இச்சிகிச்சை வெற்றியளித்திருந்தது. ஆயினும் இழையம் பொருந்தும் வழங்குநர் தேவை. டேவிட்டின் அக்காவின் மச்சை பொருந்தவில்லை. சில காலத்துக்கு எனக் கருதப்பட்ட கூடம் பன்னிரண்டு ஆண்டுகள் அவனது வீடாயிற்று.

உணவு, உடை, விளையாட்டுப் பொருள், புத்தகம் யாவும் கிருமியழிக்கப்பட்ட பின்னரே உள்ளே சென்றன. கூடத்தின் சுவரில் பொருத்தப்பட்ட கையுறைகளினூடாகவே பெற்றோர் அவனைத் தொட்டனர். 1977 இல் நாசா நிறுவனம் விசேட உடையொன்றைத் தயாரித்து வழங்கியது. அதை அணிந்து அவன் வெளியே வந்தபோதுதான் தாய் முதன்முறையாக மகனைக் கைகளில் ஏந்தினார். ஒரு குழந்தையை இவ்வாறு வளர்ப்பது முறையா என்ற விவாதம் மருத்துவர்களிடையே அன்றே எழுந்தது. அது வீண் விவாதமன்று; அவனது விருப்பத்தைக் கேட்டு எடுக்கப்பட்ட முடிவல்லவே அது.

முற்றாகப் பொருந்தாத மச்சையைச் செலுத்தினால், அதிலுள்ள முதிர்ந்த ரீ குழியங்கள் பெறுபவரின் உடலையே தாக்கும். 1980களில் அக்குழியங்களை முன்னரே அகற்றும் முறை கண்டறியப்பட்டது. ஆகவே 1983 ஒக்டோபரில் அக்காவின் மச்சை டேவிட்டுக்குச் செலுத்தப்பட்டது. தாக்கம் ஏற்படவில்லை. எனினும் சில மாதங்களில் காய்ச்சலும் வாந்தியும் கண்டன. 1984 பெப்ரவரியில் சிகிச்சைக்காகக் கூடத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட அவன், அம்மாதம் 22 ஆம் திகதி தனது 12 ஆவது வயதில் இறந்தான்.

அக்காவின் மச்சையில் எப்ஸ்டீன்-பார் வைரசு மறைந்திருந்தது. அவளுக்குத் தீங்கு செய்யாத அவ்வைரசு டேவிட்டின் உடலில் புற்றுநோயை உண்டாக்கியது பின்னரே தெரியவந்தது.

1993 இல் பழுதடைந்த பரம்பரையலகு இனங்காணப்பட்டது. 2018 இறுதியளவில் ஐக்கிய அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், பிறந்த குழந்தையின் குதிக்காலில் பெறப்படும் சில துளிக் குருதியிலிருந்து இந்நோயைச் சோதிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தொற்று ஏற்படுமுன், முதற் சில மாதங்களில் மச்சை மாற்றப்படும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் உயிர் பிழைக்கின்றனர்.