'டி அண்ட் சி'-க்குப் பிறகு மாதவிடாய் நின்றுபோவது ஏன்? விடை சொன்ன ஆஷர்மன் யார்?

கரு கலைந்து, 'டி அண்ட் சி' செய்துகொண்டு வீடு திரும்பிய அக்காவுக்குப் பல மாதமாகியும் மாதவிடாய் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் பரிசோதனையில் எல்லாம் சரி. அடிவயிறு மட்டும் மாதாமாதம் வலிக்கிறது. ஈப்போ டவுனோ, பழைய ரப்பர் தோட்டமோ, சொந்தக்காரர்கள் முதலில் குறை சொல்வது அவள் உடம்பைத்தான். டாக்டர் எழுதும் சீட்டில் 'ஆஷர்மன்' என்று ஒரு பெயர் இருக்கலாம்.

ஜோசப் ஆஷர்மன் 1889-இல் இன்றைய செக் குடியரசில் பிறந்தவர். பிராகாவில் மருத்துவம் படித்து, 1920-இல் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து, டெல் அவீவில் மகப்பேறு மருத்துவராக வேலை பார்த்தார்.

1948 என்றதும் பேராக்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டதும், அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும்தான். அதே வருஷம்தான் ஆஷர்மனின் முதல் கட்டுரையும் வெளிவந்தது. அதில் 29 பெண்கள். பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பிறகு கருப்பையைச் சுரண்டி எடுக்கப்பட்டவர்கள். சினைப்பை ஒழுங்காக வேலை செய்தும் மாதவிடாய் இல்லை. கருப்பை வாயின் உட்பகுதி அடைபட்டிருந்தது. 1950-இல் அடுத்த கட்டுரை. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில், கருப்பையின் சுவர்களே உள்ளுக்குள் ஒட்டிக்கிடப்பதைக் காட்டினார்.

இதை முதலில் கண்டவர் அவர் இல்லை. ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிக் ஃபிரிட்ஷ் 1894-லேயே எழுதிவிட்டார். ஆனால் பெயர் ஆஷர்மனுக்குப் போனது நியாயம்தான். ஒன்றிரண்டு பேரோடு நிறுத்தாமல், காரணத்தைப் பெண்ணின் உடம்பில் தேடாமல், அவளுக்குச் செய்த சிகிச்சையில் தேடினார். தன் தொழிலில் உள்ளவர்களின் கையையே சுட்டிக்காட்டுவது லேசான காரியமா?

நடப்பது இதுதான். கருப்பையின் மேல்படலம் மாதாமாதம் உதிர்ந்து, அடிப்படலத்திலிருந்து மறுபடி வளரும். பிரசவமோ கருச்சிதைவோ ஆன கருப்பை மெத்தென்று இருக்கும். கருவி கொஞ்சம் ஆழமாகப் போனால் அடிப்படலமும் போய்விடும். எதிரெதிர் சுவர்களில் புண்; ஆறும்போது தழும்பாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாரிழைக் கட்டியை உள்ளிருந்து அகற்றும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும், காசநோயாலும்கூட இது வரலாம்.

ஆஷர்மன் 1968-இல் இறந்தார். கேமரா வைத்துக் கருப்பைக்குள் பார்த்தே தழும்பை வெட்டும் முறை அதற்குப் பிறகுதான் பரவலானது. வெட்டியது மறுபடி ஒட்டாமல் இருக்க உள்ளே சிறு பலூன், ஹையலூரானிக் அமில ஜெல், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை என்று பலவும் கொடுக்கிறார்கள். ஜெல் ஒட்டுதலைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குழந்தைப்பேறு கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் போதவில்லை. அதனால் முதலிலேயே தவிர்ப்பதுதான் மேல்.

எனவே கரு கலைந்தால், கேட்கக் கூச்சப்படாதீங்க. மிசோப்ரோஸ்டால் மாத்திரையிலேயே முடியுமா? அவசரம் இல்லையென்றால் தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாமா? சுரண்டுவதற்குப் பதில் உறிஞ்சி எடுப்பீர்களா, ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்வீர்களா? ரத்தம் அதிகம் போனாலோ காய்ச்சல் இருந்தாலோ உடனே செய்யத்தான் வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. மாதவிடாய் பொதுவாக நான்கிலிருந்து எட்டு வாரத்துக்குள் திரும்பும். வராவிட்டால், அல்லது வழக்கத்தைவிட ரொம்பக் குறைந்துவிட்டால், முதலில் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, 'டி அண்ட் சி' செய்த தேதியோடு டாக்டரிடம் சொல்லுங்கள்.